இல்லினாய்ஸிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு: ஒரு வினாத்தாளின் பயணம்

விளையாட்டு உளவியலை முதுகலையில் எடுத்துப் படிப்பவர்கள் கட்டாயம் சந்திக்கும் தாள் ஒன்று உண்டு. ஒரே பக்கம்தான். அதில் 15 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: அரிதாக, சில நேரம், அடிக்கடி. பள்ளிப் பிள்ளைகள்கூட ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடுவார்கள். தாளின் தலையில் 'இல்லினாய்ஸ் போட்டி வினாத்தாள்' என்ற பொருளில்தான் பெயர் அச்சாகியிருக்கும். அது அளப்பதோ போட்டிக்கு முன் மனிதருக்குள் எழும் பதற்றத்தை. ஆய்வாளர்கள் வட்டாரத்தில் அதன் பெயர் 'ஸ்கேட்'. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரெய்னர் மார்ட்டன்ஸ் 1977இல் அதை வெளியிட்டார்.

அந்தத் தாளுக்கு இப்போது ஏறக்குறைய ஐம்பது வயது. இத்தனை ஆண்டுகளில் அது பல மொழிகளுக்கும் பல விளையாட்டுகளுக்கும் போய்விட்டது. தமிழ்நாட்டு உடற்கல்வி ஆய்வேடுகளில் அதற்கு நிரந்தர இடம் உண்டு. கபடி, கோகோ, கைப்பந்து, தடகளம் என்று எந்த ஆட்டத்தை எடுத்தாலும் மார்ட்டன்ஸின் பெயரை யாராவது மேற்கோள் காட்டியிருப்பார்கள். அது எங்கே பிறந்தது, எப்படி இங்கே வந்தது, திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளி மைதானம் ஒன்றில் அதை ஒரு பிள்ளையின் கையில் கொடுக்கும்போது நமக்கு என்ன பொறுப்பு வந்து சேர்கிறது என்பதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

பிறந்த வீட்டிலிருந்து தொடங்கலாம். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்கும் விளையாட்டு உளவியலுக்கும் உள்ள உறவு மார்ட்டன்ஸுக்கு அரை நூற்றாண்டு முந்தியது. 1925இல் கோல்மன் கிரிஃபித் என்பவர் அங்கே விளையாட்டு வீரர்களுக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். எதிரி அசைந்ததும் வீரரின் உடல் எத்தனை விரைவில் பதில் சொல்கிறது, கவனம் எங்கே சிதறுகிறது என்பதையெல்லாம் கருவிகள் வைத்து அளந்தார். பயிற்சியளிப்பதன் உளவியல் பற்றி 1926இலும், தடகளமும் உளவியலும் பற்றி 1928இலும் நூல்கள் எழுதினார். அமெரிக்காவைப் பொருளாதார நெருக்கடி உலுக்கிய காலத்தில், 1932இல், பணமில்லாமல் கூடம் மூடப்பட்டது. 1938இல் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணி அவரை அழைத்தது. அணியை நடத்தியவர்களோ அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மைதானத்தில் வளர்ந்தவர்களுக்கும் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவருக்கும் இடையே நம்பிக்கை பிறக்கவே இல்லை. அந்த இடைவெளி இந்தத் துறையை இன்றுவரை விடாமல் துரத்துகிறது.

வினாத்தாளின் இன்னொரு வேர் பொது உளவியலில் இருக்கிறது. 1960களில் சார்லஸ் ஸ்பீல்பெர்கர் பதற்றத்தை இரண்டாகப் பிரித்தார். இந்த நிமிடம் நெஞ்சு படபடப்பது ஒன்று. அது வரும், போகும். எந்தச் சூழலையும் ஆபத்தாகப் பார்த்து எளிதில் கலங்கிப்போகும் இயல்பு இன்னொன்று. அது ஆளோடு நெடுங்காலம் தங்கியிருக்கும். முன்னதைப் பதற்ற நிலை என்றும் பின்னதைப் பதற்றக் குணம் என்றும் சொல்லலாம். இரண்டையும் அளக்க அவர் 1970இல் வெளியிட்ட தாள் உலகமெங்கும் பரவியது.

மார்ட்டன்ஸ் அதை விளையாட்டுப் பக்கம் திருப்பினார். கணக்குத் தேர்வென்றால் கை நடுங்கும் பையன் மைதானத்தில் அசராமல் நிற்பான். வகுப்பில் வாய் ஓயாமல் பேசும் பெண் ஓட்டப் பந்தயக் கோட்டில் நின்றதும் வெளிறிப்போவாள். ஆகவே பொதுவான பதற்றத்தை அளந்து விளையாட்டுக்குப் பொருத்துவது சரிப்படாது, போட்டிக்கென்றே தனித் தாள் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். ஏற்கெனவே இருந்த பதற்றத் தாள்களிலிருந்து கூற்றுகளை எடுத்து, போட்டிக்கு ஏற்ப மாற்றி, சோதித்துச் சோதித்துக் கழித்து, கடைசியில் 15இல் நிறுத்தினார். முதலில் அது பிள்ளைகளுக்காகத்தான் ஆக்கப்பட்டது. பெரியவர்களுக்கான வடிவம் பிறகு வந்தது.

அந்த 15இலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மதிப்பெண் 10 கூற்றுகளுக்கு மட்டும்தான். 1, 4, 7, 10, 13 ஆகிய ஐந்தும் கணக்கில் சேராது. குழு விளையாட்டு பிடிக்குமா, இலக்கு வைத்துக்கொள்வது முக்கியமா என்ற மாதிரியான பொதுப் பேச்சு அவை. எல்லாக் கூற்றுகளும் பயத்தையே சுற்றிச் சுற்றிக் கேட்டால், இவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று பிள்ளை கண்டுபிடித்துவிடும். பிறகு பதிலும் அதற்குத் தோதாக வளையும். அதைத் தடுக்கவே இந்த ஐந்தும் இடையிடையே வருகின்றன. தலைப்பில் பதற்றம் என்ற சொல் இல்லாததற்கும் அதுதான் காரணம். 6ஆம், 11ஆம் கூற்றுகள் எதிர்த் திசையில் போகும். அமைதியாக இருக்கிறேன், இறுக்கமில்லாமல் இருக்கிறேன் என்ற பொருள் தருபவை அவை. அவற்றுக்கு 'அரிதாக' என்று குறித்தால் 3 மதிப்பெண், 'அடிக்கடி' என்றால் 1. மற்ற எட்டிலும் 'அடிக்கடி' என்பதற்கு 3. ஆக மொத்தம் 10இலிருந்து 30க்குள் ஓர் எண் கிடைக்கும். 17க்குக் கீழ் குறைவு, 17 முதல் 24 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று பயிற்சிக் கையேடுகளில் பரவலாக வகுத்திருக்கிறார்கள்.

தாள் பிறந்த இரண்டே ஆண்டில் அதைப் படைத்தவர் தம் துறையைப் பார்த்துக் கடுமையாக ஒரு கேள்வி கேட்டார். 1979இல் எழுதிய கட்டுரையில், ஆய்வுக்கூடத்து வெள்ளை அங்கியைக் கழற்றிவைத்துவிட்டு மைதானத்துக்குப் போங்கள் என்று விளையாட்டு உளவியலாளர்களை அழைத்தார். கூடத்துக்குள் செயற்கையாகச் செய்யும் சோதனைகளிலிருந்து நிஜ ஆட்டக்காரருக்கு உதவும் அறிவு பிறக்காது என்பது அவர் வாதம். 1990இல் ராபின் வீலி, டேமன் பர்ட்டன் ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட நூலில் இந்தத் தாளோடு அதன் தம்பியும் இடம்பெற்றது. 27 கூற்றுகள் கொண்ட அந்தத் தாள், மனத்தில் ஓடும் கவலை, உடம்பில் தெரியும் பதற்றம், தன்னம்பிக்கை ஆகிய மூன்றையும் தனித்தனியே அளக்கிறது. 'தோத்துட்டா என்ன பண்றது' என்ற நினைப்பும் கைகால் நடுக்கமும் ஒன்றல்ல. நினைப்புக்கு மருந்து பேச்சு, உடம்புக்கு மருந்து மூச்சு. இதைப் பிரித்தறிவது பயிற்சியாளருக்குப் பெரிய உதவி.

இந்தக் குடும்பத்துத் தாள் ஒன்று வேறொரு நாட்டுக்குப் போன கதையை இங்கே சொல்லியாக வேண்டும். லெனின்கிராடில் இருந்த யூரி ஹானின், ஸ்பீல்பெர்கரின் பதற்றத் தாளை 1970களில் ரஷ்ய மொழிக்குக் கொண்டுவந்தார். கொண்டுவந்ததோடு நிற்காமல் அதைச் சோவியத் வீரர்களிடம் போட்டிக்குப் போட்டி கொடுத்துப் பார்த்தார். பதற்றம் கூடினால் ஆட்டம் கெடும் என்பது எல்லோருக்கும் பொருந்தவில்லை. சிலர் பதற்றம் குறைவாக இருக்கும்போது நன்றாக ஆடினார்கள். சிலர் அது உச்சத்தில் இருக்கும்போதுதான் பிரமாதப்படுத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் தனக்கென ஓர் எல்லை இருக்கிறது, அதற்குள் நிற்கும்போது அவர் சிறப்பாக ஆடுவார் என்ற கோட்பாடு அப்படித்தான் பிறந்தது. வெளியிலிருந்து வந்த தாளைத் தன் மண்ணில் நட்டவர் உலகுக்கே புதிதாக ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். நம் முதுகலை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய முன்மாதிரி இவர் என்பேன்.

தமிழ்நாட்டுக்கும் அமெரிக்க உடற்கல்விக்கும் தொடர்பு பழையது. ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு மேலாளராகப் போனவரும் அவரே. நந்தனத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியில் படித்து வந்தவர்கள் பள்ளி பள்ளியாக உடற்கல்வி ஆசிரியர்கள் ஆனார்கள். அமெரிக்கப் பாடநூல்களும் அளவுகோல்களும் வந்து சேர ஏற்கெனவே ஒரு பாதை இருந்தது. பிறகு காரைக்குடி அழகப்பா, சிதம்பரம் அண்ணாமலை போன்ற பல்கலைக்கழகங்களில் உடற்கல்வி முதுகலையும் ஆய்வுப் படிப்பும் வளர்ந்தபோது மார்ட்டன்ஸின் தாள் ஆய்வேடுகளில் ஏறிக்கொண்டது. செலவில்லை, கருவி வேண்டாம், ஒரு ஜெராக்ஸ் கட்டு போதும். இரண்டு அணிகளுக்குக் கொடுத்து, சராசரி எடுத்து, வேறுபாடு இருக்கிறதா என்று புள்ளியியலில் சோதித்தால் ஓர் ஆய்வேடு தயார். தாள் இத்தனை தூரம் பரவியதற்கு இந்த எளிமை ஒரு காரணம். அதன் பயன் மெலிந்துபோனதற்கும் இதே எளிமைதான் காரணம்.

2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இப்போது வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் இருக்கிறது. விளையாட்டு உளவியலுக்கு அங்கே தனித் துறையே உண்டு. முதுகலை அறிவியல் பட்டமும் தருகிறார்கள். இந்தத் துறையில் முதுகலை படிப்பவர் ஊக்கம், கவனம், மனக்காட்சிப் பயிற்சி, தனக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு, குழு ஒற்றுமை, காயத்துக்குப் பிந்தைய மனநிலை, அளவீடு, புள்ளியியல் என்று பலவும் கற்க வேண்டியிருக்கிறது. எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். மனநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு தேவை. விளையாட்டு உளவியல் பட்டம் அந்த உரிமையைத் தராது. ஆழ்ந்த மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையை அடையாளம் கண்டு உரியவரிடம் அனுப்பிவைப்பதும் இந்தப் படிப்பின் கடமைகளில் ஒன்று. அமெரிக்காவில் செயல்திறன் உளவியல் ஆலோசகராகச் சான்று பெற முதுகலைப் பட்டம் மட்டும் போதாது. வழிகாட்டி ஒருவரின் மேற்பார்வையில் 400 மணி நேரம் களப்பணி செய்திருக்க வேண்டும். தாளைக் கொடுத்து வாங்குவதற்கும் ஆளோடு உட்கார்ந்து வேலை செய்வதற்கும் உள்ள தூரத்தை அந்த 400 மணி நேரம் சொல்கிறது.

இனி தாளோடு கும்மிடிப்பூண்டிக்குப் போவோம். வண்டலூரில் மின்ரயில் ஏறி, பார்க் நிலையத்தில் இறங்கி, சாலையைக் கடந்து சென்ட்ரலின் புறநகர் முனையத்தில் அடுத்த வண்டியைப் பிடிக்க வேண்டும். எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டினால் கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகளும் உருளை ஆலைகளும் ஷிப்ட் கணக்கில் ஓடும் ஊர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏராளம். இலங்கைத் தமிழர் முகாமும் இங்கே இருக்கிறது. கிழக்கே போனால் பழவேற்காட்டு மீனவக் கிராமங்கள். இத்தனை வகை வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் இந்தப் பகுதிப் பள்ளிகளில் ஒன்றாகப் படிக்கிறார்கள், ஒரே அணியில் கபடி ஆடுகிறார்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அணியின் முதல் ரைடர், தாளை நிரப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். போட்டிக்கு முன் மனம் நிலைகொள்ளவில்லை, சரியாக ஆடாமல் போய்விடுவோமோ, தப்பு செய்துவிடுவோமோ என்ற மூன்றுக்கும் 'அடிக்கடி'. வயிற்றைக் கலக்குவது, நெஞ்சு படபடப்பது, ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும்போது பதறுவது ஆகிய மூன்றுக்கும் 'அடிக்கடி'. அமைதியாக இருப்பது 'அரிதாக'. மீதி மூன்றுக்கு 'சில நேரம்'. ஏழு மூன்று 21, மூன்று இரண்டு 6, மொத்தம் 27. கையேட்டின்படி அவள் பதற்றம் அதிகமானவள். ஆய்வேட்டில் இந்த எண் ஒரு சராசரிக்குள் கரைந்துவிடும். அவளுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியவராது.

இந்த இடத்தில் பி.டி. சாரோடு அவள் பேசும் பேச்சு தாளைவிட அதிகம் சொல்லும். "ரைடு போறதுக்கு முன்னாடி வயிறு ஒரு மாதிரி பண்ணுது சார்." "காலையில சாப்டியாம்மா?" "இல்ல சார், அம்மா நைட் ஷிப்ட் போய்ட்டு இப்பதான் வந்தாங்க." வெறும் வயிற்றில் வரும் கலக்கத்தையும் தாள் பதற்றம் என்றே எண்ணும். குறுவட்டப் போட்டியென்றால் காலை எட்டு மணிக்கே அணி மைதானத்தில் இருக்க வேண்டும். ஆட்டம் வரும்போது மத்தியானம் தாண்டிவிடும். அதுவரை வேப்ப மரத்தடியில் காத்திருப்பு, வெயில், தண்ணீர்ப் பாட்டிலுக்குப் போட்டி. காத்திருக்கும்போது பதறுகிறேன் என்று அவள் குறித்ததில் அவள் குணம் எவ்வளவு, நாம் போட்டி நடத்தும் முறை எவ்வளவு? தூக்கம், சாப்பாடு, ஷிப்ட், பேருந்து எதையும் கேட்க 15 கூற்றுகளில் இடமில்லை. கொண்டுபோகிறவர்தான் கேட்க வேண்டும். ஒடிய மொழி பேசும் வீட்டிலிருந்து வந்து தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு அந்தத் தாள் தமிழில் இருந்தாலும் முழுதாகப் புரியாமல் போகலாம். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட ஆள் வேண்டும்.

அந்த 27ஐக் குறையாகப் பார்ப்பதும் தவறு. ஹானின் காட்டியபடி, அவளுடைய சிறந்த ஆட்டம் அந்தப் படபடப்புக்குள்ளேயே இருக்கலாம். அவள் நன்றாக ஆடிய ஆட்டங்களுக்கு முன் எப்படி இருந்தாள், சொதப்பிய ஆட்டங்களுக்கு முன் எப்படி இருந்தாள் என்று ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னால் இரண்டு மாதத்தில் உருவம் தெரியும். உடம்பு அதிகம் பதறினால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடப் பழக்கலாம். மனம் அலைந்தால், நடுக்கோட்டைத் தொடும்போது சொல்லிக்கொள்ள ஒரு சொல்லை அவளே தேர்ந்தெடுக்கட்டும். கூட்டத்தின் சத்தம் கலக்கினால் பயிற்சியிலேயே மற்ற பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்துக் கத்தச் சொல்லலாம். இதற்கெல்லாம் காசு தேவையில்லை. வாரம் ஒருமுறை வந்து போகும் பயிற்சி பெற்ற ஆள்தான் தேவை.

மனப்பயிற்சி என்ன செய்யும் என்பதை நாம் அண்மையில் கண்ணால் பார்த்தோம். திருவேற்காட்டை ஒட்டிய மேல் அயனம்பாக்கத்தில் வேலம்மாள் பள்ளியில் படித்த குகேஷ், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 14ஆவது ஆட்டத்தில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனார். அந்தப் போட்டிக்கு அவரைத் தயார்படுத்தியவர்களில் பேடி அப்டன் என்ற மனப்பயிற்சியாளரும் ஒருவர். 2011இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு இருந்தவர் அவர். உலக மேடைக்குப் போகிறவருக்கு அப்படி ஒருவர் தேவையென்றால், குறுவட்டத்திலிருந்து மாவட்டத்துக்கும் மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கும் ஏற முட்டிமோதும் பிள்ளைக்கும் தேவைதான். பலரும் விளையாட்டை விடுவது அந்தப் படிகளில்தான்.

ஆகவே முதுகலையில் இந்தத் துறையைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் அவர்களுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் சில. தாளைக் கொடுக்கும் முன் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் ஒப்புதல் கேளுங்கள். கிடைத்த எண்ணை அணியின் முன் வாசிக்காதீர்கள். அணித் தேர்வுக்கு அதைப் பயன்படுத்த யாரையும் விடாதீர்கள். 1970களின் அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துக் கட்டிய அளவுகோலால் பொன்னேரிப் பிள்ளையை அதிகம், குறைவு என்று முத்திரை குத்தாதீர்கள். ஆண்டுதோறும் தனித்தனி ஆய்வேடுகளில் சிதறிக் கிடக்கும் எண்களைத் துறைகள் ஒன்றுசேர்த்தால் நம் பிள்ளைகளுக்கான அளவுகோலை நாமே கட்டலாம். மேலக்கோட்டையூரில் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் ஒரு பள்ளி அணியை ஒரு முழு ஆண்டுக்குத் தத்தெடுத்துக்கொள்ளட்டும். அந்த மணி நேரங்களைப் பட்டத்தின் பகுதியாகவே பல்கலைக்கழகம் கணக்கில் எடுக்கட்டும். பாரதியார் தினப் போட்டிகளும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் நடக்கும் நாள்களில் மாவட்ட விளையாட்டரங்கில் முதலுதவிக்கு ஆள் இருப்பதுபோல் இதற்கும் ஓர் ஆள் இருக்கட்டும்.

இல்லினாய்ஸில் பிறந்த அந்தத் தாளைப் படைத்தவரே மைதானத்துக்குப் போங்கள் என்றுதான் சொன்னார். தாளை நிரப்பிக் கொடுத்த பிள்ளைக்கு அதன் பலன் போய்ச் சேரும்வரை எந்த ஆய்வும் முடிந்ததாகக் கணக்கில்லை.